சிங்கப்பூர் செலவுப் பணம்: யார் கையில், எவ்வளவு?

கேள்வி: ஐயா, நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரம், நான் தமிழ்ப் பிரிவு ஆசிரியை. குறிச் சீட்டு விழுந்த பணத்தில் ஏப்ரல் விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகிறோம். நாங்கள் இருவர், 14 வயதில் மகள், 9 வயதில் மகன், 68 வயதில் அத்தை. கோயம்புத்தூரிலிருந்து விமானம். டிக்கெட், விசா, ஆறு இரவுக்கு ஓட்டல் எல்லாம் தனித்தனியாக எடுத்து முடித்துவிட்டோம். கைச்செலவுக்கு 1,40,000 ரூபாய் இருக்கிறது. இதை அப்படியே ரூபாயாகக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். துபாயில் இருக்கும் கொழுந்தன் 'கார்டு மட்டும் போதும்' என்கிறார். மகளோ, 'ஜிபே இருக்கும்போது எதற்கு இதெல்லாம்' என்கிறாள். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு சாமான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தங்க வளையல்கூடக் கேட்டிருக்கிறார். இன்னொன்று, அத்தை கையில் பணம் கொடுக்க வேண்டாம், தொலைத்துவிடுவார் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வங்கியில் நான் இருந்த முப்பத்திச்சொச்சம் வருடங்களில் பல வருடங்கள் அந்நியச் செலாவணி மேசையில்தான் போயின. நம் மாவட்டத்தில் அந்த மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். குடும்பத்தோடு ஊர் பார்க்கப் போகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் எனக்கு அன்றைக்கு ஒரு தனிச் சந்தோஷம். உங்கள் கடிதமும் அப்படித்தான் இருந்தது. கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். மற்றதை முதலில் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் யோசனை வேண்டாம். காரணம் சட்டம். இந்தியாவில் வசிக்கிற ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது 25,000 ரூபாய்வரைதான் நம் நோட்டைக் கையில் கொண்டுபோகலாம். ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் கட்டிக்கொண்டு பீளமேடு விமான நிலையத்தில் நின்றால் சுங்க அதிகாரி கேட்பார். ரொக்கத்தில் வியாபாரம் செய்து பழகியவருக்குக் கையில் பணம் இருந்தால்தான் தைரியம், அது எனக்குப் புரிகிறது. அந்தத் தைரியத்துக்குக் கொஞ்சம் சிங்கப்பூர் நோட்டாகவே இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஒரு பயணத்துக்கு, ஒருவருக்கு, 3,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை வெளிநாட்டு நோட்டாக வாங்க அனுமதி உண்டு. உங்களுக்கு அதில் கால் பங்குகூட வேண்டியிருக்காது.

மகள் சொல்வதில் பாதி சரி. இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரியில் யுபிஐ தொடங்கிவிட்டது. பேநவ் என்கிற சிங்கப்பூரின் பணம் அனுப்பும் முறையோடு நம் யுபிஐ 2023 பிப்ரவரியிலேயே இணைந்தது. ஆனால் அந்த இணைப்பு இங்குள்ள ஒருவர் கணக்கிலிருந்து அங்குள்ள ஒருவர் கணக்குக்குப் பணம் அனுப்புவதற்காக வந்தது. அங்கே கடையில் ஒட்டியிருக்கிற எல்லா க்யூஆரையும் நம் ஃபோன் படிக்கும் என்று நம்பி ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வைத்துக்கொள்ளட்டும். எங்காவது வேலை செய்தால் லாபம். அவ்வளவுதான்.

கொழுந்தன் சொல்வதில் முக்கால் பங்கு சரி. எந்தக் கார்டு என்பதைத்தான் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளை வெளிநாட்டில் தேய்த்தால் பெரும்பாலான வங்கிகள் தொகைக்கு மேல் இரண்டு முதல் மூன்றரை சதவீதம்வரை எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. கிரெடிட் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும், அதைத் தொடவே வேண்டாம். உங்களுக்கு ஏற்றது ப்ரீபெய்ட் ஃபாரக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள்கிற கார்டு. சிங்கப்பூர் டாலரிலேயே நிரப்பித் தரச் சொல்லுங்கள். அமெரிக்க டாலரில் நிரப்பிக் கொடுத்துவிட்டால் அங்கே ஒவ்வொரு தடவையும் இன்னொரு மாற்றுக் கட்டணம் விழும்.

சரி, கணக்குக்கு வருவோம். டாலர் விலை தினமும் மாறும். கணக்குப் போட வசதியாக எல்லாச் செலவும் சேர்த்து ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பணம் 2,000 டாலர். அதில் 1,600-க்கு மட்டும் மாற்றுங்கள். மீதி 28,000 ரூபாய் வங்கிக் கணக்கிலேயே ரூபாயாக இருக்கட்டும். ஆபத்துக்கு வைக்கிற பணத்தை டாலராக மாற்றி, செலவாகாமல் திரும்ப ரூபாயாக மாற்றினால் போகும்போதும் நஷ்டம், வரும்போதும் நஷ்டம். அவசரம் வந்தால் வங்கிக் கார்டில் அந்த மூன்று சதவீதம் போனால் போகிறது. அதற்கு அந்தக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு இயங்க வேண்டும். 2020 அக்டோபர் முதல் புதுக் கார்டுகளில் இது மூடியேதான் வருகிறது. வங்கிச் செயலியில் நீங்களே திறந்து, ஒரு வரம்பும் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம், அங்கே வாங்குகிற சிம்முக்காக நம் ஊர் சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிடாதீர்கள், ஓடிபி அதில்தான் வரும்.

அந்த 1,600-ல் 1,000 கார்டில், 600 நோட்டாக. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் எடுத்துக்கொண்டு பணம் மாற்ற ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள இடத்துக்கே போங்கள். பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் இப்படி நிறைய இருக்கின்றன. ஒரே இடத்தில் கேட்டுவிட்டு வாங்கிவிடாதீர்கள். மூன்று இடத்துக்கு ஃபோன் செய்து, 'எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து எத்தனை ரூபாய் போகும்' என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். 'கமிஷன் இல்லை' என்பவர் விலையில் ஏற்றியிருப்பார். இந்த அளவுக்கு ஜிஎஸ்டி மொத்தமே 200 ரூபாய் சுமாருக்குத்தான் வரும். அதைக் காட்டி யாரும் ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நோட்டு விலை கார்டு விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். நோட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பெட்டியில் பூட்டி வைக்கிற செலவு அதில் இருக்கிறது. நம் பக்கம் திர்ஹமும் ரியாலும் எப்போதும் கிடைக்கும். சிங்கப்பூர் நோட்டு வேண்டும் என்று ஓரிரு நாள் முன்பே சொல்லிவையுங்கள். 50,000 ரூபாய்க்குக் கீழே என்றால் ரொக்கம் வாங்குவார்கள், அதற்கு மேல் வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். எதுவானாலும் ரசீது வாங்காமல் வராதீர்கள். தெரிந்தவர், குறைந்த விலை, ரசீது கிடையாது என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டிசிஎஸ், அதாவது டாலர் வாங்கும்போதே பிடித்துக்கொள்கிற வருமான வரி பற்றிப் பயம் வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்வரை இப்படி டாலர் வாங்க அந்தப் பிடித்தம் கிடையாது. டூர் பேக்கேஜாக எடுத்திருந்தால் கணக்கு வேறு, நீங்கள் அப்படி எடுக்கவில்லை.

இனி அங்கே செலவு. சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்பார்கள். நீங்களும் இன்றிலிருந்தே வீட்டில் வெள்ளி என்றே பேசிப் பழகுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் எல்லையில் வாழ்கிறவர்கள். பெட்ரோல் அந்தப் பக்கம் என்ன விலை, காய்கறி வேலந்தாவளத்தில் மலிவா பொள்ளாச்சியில் மலிவா என்று இரண்டு பக்கத்து விலையையும் ஒப்பிட்டே வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கம் சிங்கப்பூரில் நம்மைப் படுத்தி எடுத்துவிடும். ஒரு காப்பியைப் பார்த்தாலும் மனசு எழுபதால் பெருக்கும். இரண்டு நாள் வயிற்றைக் கட்டுவோம்; மூன்றாம் நாள் அலுத்துப்போய், 'வந்தது வந்தாச்சு' என்று ஒரு பெரிய கடையில் கணக்கில்லாமல் விடுவோம். பெருக்கல் எல்லாம் இங்கேயே முடிந்துவிட்டது. அங்கே போனதும் ஒரு நாளைக்கு இத்தனை வெள்ளி என்பது மட்டும்தான் கணக்கு.

ஐந்து பேருக்குச் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 75 வெள்ளி, போக்குவரத்துக்கு 25. உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்டால் இது தாராளம். தேக்கா மார்க்கெட்டில் நம் சாப்பாடே கிடைக்கும். குளிர்சாதன உணவகத்தில் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் கவனியுங்கள். பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி என்று அர்த்தம். 100 வெள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டது 119 வெள்ளி 90 காசாக வரும். தனியாக டிப்ஸ் கொடுக்கத் தேவையில்லை. குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், ஆளுக்கொரு பாட்டில் கொண்டுபோங்கள். பெருவிரைவு ரயிலிலும் பஸ்ஸிலும் ஒரு கார்டைத் தட்டி ஐந்து பேரும் போக முடியாது. ஆளுக்கு ஒரு பயண அட்டை வேண்டும், அதை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

ஆறு நாளுக்கு இது 600. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடங்களுக்கு 500 ஒதுக்குங்கள். அதற்குள் இரண்டு பெரிய இடம் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். மற்றதற்கு அந்த ஊரில் காசில்லாமல் பார்க்கவே நிறைய இருக்கிறது. கார்டன்ஸ் பை த பேயில் ராத்திரி அந்தப் பெரிய மரங்கள் பாட்டுக்கு ஏற்றபடி விளக்கெரிவது, தாவரவியல் பூங்கா, சாங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஜுவல் வணிக வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி, எல்லாம் இலவசம். சிங்கப்பூருக்குள் நுழையப் பூர்த்தி செய்கிற வருகை அட்டையும் இலவசம்தான். அதற்குப் பணம் கேட்கிற இணையதளம் அரசாங்கத்துடையது அல்ல.

இரண்டு இடத்தில் பணம் தெரியாமலே நழுவும். முதலாவது, கடையில் கார்டு மெஷின். 86 வெள்ளிக்குச் சாமான் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். மெஷின் திரையில் மேலே 86.00 சிங்கப்பூர் டாலர் என்றும், கீழே 6,300 ரூபாய் என்றும் இரண்டு வரி வரும். நம் ரூபாயைப் பார்த்ததும் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி விரல் அங்கேதான் போகும். அழுத்தாதீர்கள். நம் கணக்குக்கு 86 வெள்ளி 6,020 ரூபாய்தான். மேலே இருக்கிற 280 ரூபாய் அந்த மாற்று விலையில் ஒளிந்திருக்கும் லாபம். ஃபாரக்ஸ் கார்டில் இது இன்னும் மோசம், வெள்ளியாக இருக்கிற பணம் ரூபாயாகி, மறுபடி வெள்ளியாகிக் கழியும். 'சிங்கப்பூர் டாலரிலேயே போடுங்கள்' என்று சொல்லுங்கள். சிராங்கூன் சாலையில் பல கடைகளில் இதைத் தமிழிலேயே சொல்லலாம். ஏடிஎம் திரையும் இதே கேள்வியைக் கேட்கும், அங்கேயும் ரூபாய் வேண்டாம்.

இரண்டாவது, ஓட்டல் முன்பணம். இது நான் பட்டது. சில வருடங்களுக்கு முன் நானும் என் மனைவியும் சிங்கப்பூர் போனபோது, ஓட்டல் வரவேற்பில் ஏதோ கார்டு கேட்டார்களே என்று ஃபாரக்ஸ் கார்டை நீட்டினேன். 300 வெள்ளியை முடக்கி வைத்துவிட்டார்கள். எடுத்துக்கொள்ளவில்லை, முடக்கினார்கள். அறையைக் காலி செய்ததும் விடுவித்தோம் என்றார்கள். பணம் என் கார்டுக்குத் திரும்பி வந்தபோது நாங்கள் ஊருக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசி இரண்டு நாள் என் மனைவி ஆசைப்பட்ட ஒன்றையும் வாங்கிக் கொடுக்க முடியவில்லை. அது இன்னும் எனக்கு வருத்தம். கிரெடிட் கார்டு இருந்தால் ஓட்டல் முன்பணத்துக்கு மட்டும் அதைக் கொடுங்கள், வரம்பில் முடங்குவதால் உங்கள் கைப்பணம் குறையாது. இல்லையென்றால் ரொக்கமாகக் கட்டலாமா என்று இப்போதே ஓட்டலுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அக்கம்பக்கத்தார் சாமான் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பட்ஜெட் உடைகிற இடம் பெரும்பாலும் இதுதான். கோடாலித் தைலம், சாக்லேட் மாதிரி நீங்களாகக் கொடுக்க விரும்புவது ஒன்று. 'எனக்கு ஒன்று வாங்கி வா, அப்புறம் தருகிறேன்' என்பது வேறு. அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். சொன்னவர்களிடம் கிளம்பும் முன் ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காதவர் சாமான் பட்டியலில் இருக்கக் கூடாது. வளையல் கேட்டவரிடம் முடியாது என்றே சொல்லிவிடுங்கள். தங்க நகைக்குச் சுங்கச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான். ஒரு வாரம் போய் வருகிற உங்களுக்குக் கிடையாது. வரி கட்டிக் கொண்டுவருவதற்கு நம் ஊர்க் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம். இத்தனையும் சேர்த்து வீட்டுக்கும் பரிசுக்கும் 350 வெள்ளி. ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சுற்றுலாப் பயணிக்கு ஜிஎஸ்டியைத் திருப்பித் தரும் சலுகையைக் கேளுங்கள். வாங்கிய சாமானைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்புவதாக இருந்தால், பெட்டியைப் போடும் முன்பே விமான நிலையத்தில் அந்த வேலையை முடிக்க வேண்டும்.

இதுவரை 1,450 ஆயிற்று. மீதி 150 வெள்ளி எதற்கு என்று கேட்பீர்கள். அதுதான் உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில். அத்தைக்கு 60, மகளுக்கு 60, மகனுக்கு 30.

வங்கியில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். மஸ்கட்டில் இருக்கிற மகனைப் பார்க்க முதல் தடவையாகப் போகிறார். மகன் எல்லாம் பார்த்துக்கொள்வான், பணமே வேண்டாம் என்று கூட வந்த மருமகன் சொல்கிறார். பெரியவர் கேட்கவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து ரூபாயை எடுத்து மேசையில் வைத்து, 'சில்லறை நோட்டாக் கொடுங்க சார்' என்றார். எங்களிடம் இருந்த ஒரு ரியால், அரை ரியால், நூறு பைசா நோட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டேன். 'ஒரு சாயா குடிக்கணும்னாகூட அவன் முகத்தப் பாத்து நிக்கணுமா?' என்றார். அதற்கப்புறம் வயதானவர்களை அழைத்துப் போகிற யார் வந்தாலும் இதை நான் சொல்லாமல் அனுப்பியதில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் சுருக்குப்பையில் தன் காசு வைத்திருந்தவர் உங்கள் அத்தை. பாஷை புரியாத ஊரில், காசும் இல்லாமல், ஒரு வாரம் எதற்கெடுத்தாலும் மகன் கையைப் பார்க்க வைக்காதீர்கள். தொலைத்தால்தான் என்ன? போவது 60 வெள்ளி. அதுவும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம், தினமும் காலையில் பத்து வெள்ளி கொடுங்கள்.

கொடுப்பதை இரண்டு, ஐந்து வெள்ளி நோட்டாகக் கொடுங்கள். இங்கே வாங்கும்போதே, 600-ல் இதற்கு மட்டுமாவது சின்ன நோட்டு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அங்கே முதல் நாளே மாற்றிக்கொள்ளுங்கள். அவர் எண்ணைப் படிக்கச் சிரமப்பட்டாலும் நிறம் காட்டிக் கொடுக்கும்: இரண்டு வெள்ளி ஊதா, ஐந்து பச்சை, பத்து சிவப்பு. கிளம்பும் முன் ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேரனை விட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், இருவருக்கும் அது பிடிக்கும். மகளுக்குக் கொடுப்பதை ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், ஆனால் என்ன வாங்கினாய் என்று கேட்காதீர்கள். ஒரு விஷயம், அத்தைக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் புகையிலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை. அபராதம் இந்தக் கணக்கு எதிலும் அடங்காது.

திரும்பி வந்த பிறகு மிஞ்சிய நோட்டை 180 நாளுக்குள் மாற்றிவிடுங்கள். 2,000 அமெரிக்க டாலர் மதிப்புக்குள் இருந்தால் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. நாணயத்தை இங்கே பணம் மாற்றுகிறவர்கள் வாங்க மாட்டார்கள், அதனால் கடைசி நாள் சில்லறையை எல்லாம் டீக்கும் பலகாரத்துக்கும் தீர்த்துவிடுங்கள். ஒரு வெள்ளி நாணயம் ஒன்றை மட்டும் அத்தையிடம் விட்டுவிடுங்கள். அதில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் எழுதியிருக்கும்.